கஞ்சி கூடாது

1932ஆம் ஆண்டு, சாம்பல் புதனுக்கு மறுநாள் காலை ஏழரை மணிக்கு, கிரிகரியை ரயில்வே பார்சல் ஆபீஸ் தராசில் ஏற்றி நிறுத்தினார்கள்.

தராசு மூட்டைகளுக்கானது. ஆள் ஏறினால் முள் சற்று நேரம் ஆடிவிட்டுத்தான் நிற்கும். இருநூற்றுப் பதினெட்டு ராத்தலில் நின்றது. அடுத்து பேசில் ஏறினான். இருநூற்றுப் பதினைந்து.

"ரெண்டு மூட்டை வந்து இறங்கியிருக்கு. எந்த ஊருக்கு ரசீது போடட்டும்?" என்றான் ரசீது எழுதும் கிராணி.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கிரிகரியும் சிரித்தார். பேசில் மட்டும் சட்டையைப் பேண்டுக்குள் செருகிக்கொண்டே முள்ளைப் பார்த்தான்.

சிரிக்கிற வருஷம் இல்லை அது. ரப்பர் விலை விழுந்துவிட்டது. ஈயத்தைக் கேட்பாரில்லை. தோட்டத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகச் சொந்த ஊருக்குக் கப்பல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சரக்கு இல்லாத ஊரில் சரக்கு வண்டி எதற்கு? பிரிக்பீல்ட்ஸ் என்ஜின் ஷெட்டில் சரக்கு வண்டி ஓட்டுகிற டிரைவர்கள் ஆறு பேர். இனி ஐந்து பேர் போதும் என்று போர்மேன் சொல்லிவிட்டார். இருநூறு ராத்தலுக்கு மேல் கனக்கிறவன் என்ஜினில் ஏறக் கூடாது என்று உத்தரவும் வந்தது. ஈஸ்டர் முடிந்த மறு வாரம் டாக்டர் மறுபடி நிறுத்துப் பார்ப்பார். தேறாதவன் போவான். எல்லோரும் தேறிவிட்டால் கடைசியில் டிரைவர் ஆனவன் போவான்.

கடைசியில் டிரைவர் ஆனவன் பேசில்.

அது எல்லோருக்கும் தெரியும். கிரிகரிக்கும் தெரியும். ஆனால் அதை இந்த எடையோடு சேர்த்து அவர் நினைத்துப் பார்க்கவில்லை. பதினான்கு வயதில் என்ஜின் துடைக்க ஷெட்டுக்குள் நுழைந்தவர். வேறு தொழில் தெரியாது. வேலை போனால் குவாட்டர்ஸ் போகும். குவாட்டர்ஸ் போனால் மனைவி பாக்கியத்தையும் இரண்டு பெண்களையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் அவர் யோசனை. பேசில் அவருக்குக் கீழே ஒன்பது வருஷம் கரி அள்ளிப் போட்டவன். அவனுடைய மூத்த பெண்ணுக்கு ஞானத்தகப்பன் இவர்தான்.

அன்றைக்கே டாக்டரிடம் போனார்கள். டாக்டர் வெள்ளைக்காரர். வேகமாகப் பேசினார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த பேசில் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டான். மீன், முட்டை, இறைச்சி என்கிற வார்த்தைகள் இங்கிலீஷில் கிரிகரிக்கே பிடிபட்டன. வேறொரு வார்த்தையை டாக்டர் விரலால் மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னார். ஸ்டார்ச். நோ ஸ்டார்ச்.

வெளியே வந்ததும் கிரிகரி கேட்டார்.

"என்னடா சொன்னாரு?"

"கறி, மீனு, முட்டை, கீரை. வயிறு நிறையச் சாப்பிடலாமாம்ணே."

"அட. அது எனக்கே புரிஞ்சுது. தட்டித் தட்டிச் சொன்னாரே, அது என்ன?"

பேசில் தன் காக்கிச் சட்டையின் காலரைப் பிடித்துக் காட்டினான். "ஸ்டார்ச்சுன்னா இதுதாண்ணே. டோபி போடறானே, கஞ்சி. கஞ்சி கூடாதாம்."

"நான் எப்படா கஞ்சி குடிச்சேன்?"

"காலையில டியூட்டிக்கு வரப்ப ஒரு குண்டான் நீராகாரம் குடிக்கிறீங்களே. அது என்னவாம்?"

"அதுவா. அது கஞ்சி மாதிரிதான்." கிரிகரி யோசித்தார். "சோறு?"

"சோத்தைப் பத்தி டாக்டர் ஒண்ணும் சொல்லலை."

அது உண்மை. டாக்டர் சோற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

பாக்கியம் ஒரு காரியத்தை எடுத்தால் முழுதாகச் செய்கிறவள். மறுநாளிலிருந்து வீட்டில் நீராகாரம் கிடையாது. சோற்றை வடித்து, பானையைக் கவிழ்த்தே வைத்திருந்து, சொட்டுக் கஞ்சி தங்காமல் இறுத்தாள். வடித்த கஞ்சியைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டினாள். எதற்கும் இருக்கட்டும் என்று டோபியிடமும் சொல்லிவைத்தாள்.

"ஐயா சட்டைக்குக் கஞ்சி போடாதே. டாக்டர் உத்தரவு."

டோபி அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான்.

ஈஸ்டர் வரைக்கும் தபசு காலம் என்பதால் கறி வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். மீனும் முட்டையும் வந்தன. பாசாரிலிருந்து பாக்கியம் நல்ல மீனாகப் பார்த்து வாங்கி வந்தாள். வழக்கமான சோறு தட்டில் இருந்தது. அதன் பக்கத்தில் வழக்கமில்லாத மூன்று முட்டையும் இரண்டு துண்டு பொரித்த மீனும் சேர்ந்தன. கிரிகரி முழுசையும் சாப்பிட்டார். தபசு காலத்தில் இப்படிச் சாப்பிடுகிறோமே என்று கூசினார். ஆனாலும் டாக்டர் சொல்லியிருந்தார்.

"உடம்பு இறங்கின மாதிரி தெரியுதா?"

"முகத்துல தெரியுது," என்றாள் பாக்கியம். அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது.

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பேசில் வீட்டுக்கு வந்தான். அவனைப் பார்த்ததும் பாக்கியம் கரண்டியைக் கீழே வைத்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. பெல்ட்டின் நுனி இடுப்பைச் சுற்றிப் பின்பக்கம் போயிருந்தது.

"என்ன தம்பி, பாதி ஆளைக் காணோம்? வீட்டுல கெர்ட்ரூட் சமைக்கிறாளா, இல்ல அடிக்கிறாளா?"

"ரெண்டும்தான்க்கா."

இலை போட்டாள். அவன் மீனை எடுத்துக்கொண்டான். முட்டையை எடுத்துக்கொண்டான். சோற்றுக் கரண்டி வந்தபோது இலையின் மேல் இரு கையையும் விரித்துக் குனிந்துகொண்டான்.

"வயிறு சரியில்லைக்கா. ரெண்டு நாளா."

"ஒரு கை போடறேன்."

"வேணாம்க்கா. அண்ணனுக்குப் போடுங்க."

அண்ணனுக்குப் போட்டாள். கிரிகரி குழம்பைப் பிசைந்துகொண்டே கேட்டார். "எப்படிடா இறங்குது உனக்கு? நானும் கஞ்சியைத் தொடலை. பேண்டு பட்டன் முன்னைவிட இழுக்குது."

பேசில் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான். சின்ன முள். எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

"நடக்கிறேன்ணே," என்றான். "சாயங்காலம் ஆனா ஒரே நடை. நீங்களும் நடந்து பாருங்க."

கிரிகரி நடந்தார். டியூட்டி முடிந்ததும் பிரிக்பீல்ட்ஸ் தெருக்கள் எல்லாம் நடந்தார். செங்கல் சூளைப் பக்கம் போய், ஆற்றோரம் வந்து, வியர்த்து ஒழுகி வீடு சேர்ந்தார். பசி பிடுங்கியது. கூடுதலாக ஒரு கரண்டி வாங்கிக்கொண்டார்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துத் திங்கட்கிழமை கிரிகரியின் கண்ணில் கரித்தூள் விழுந்தது. ரயில்வே மருந்துச் சாலைக்குப் போனார். அங்கே கட்டுப் போடும் டிரெசர் சபாபதி பஞ்சை முறுக்கித் தூளை எடுத்தார். அந்த மருந்துச் சாலைக்கு ஊரெல்லாம் வந்து போவதற்கு மருந்து பாதிக் காரணம், சபாபதியின் வாய் மீதிக் காரணம்.

"வந்ததுதான் வந்தீங்க. தராசு மேல ஏறுங்க டிரைவரே. எவ்வளவு இறங்கியிருக்குன்னு பாப்போம்."

இருநூற்று இருபத்து மூன்று.

சபாபதி முள்ளைத் தட்டிப் பார்த்தார். கிரிகரியின் பூட்ஸைப் பார்த்தார். "என்ன, பாக்கெட்டுல கரி வெச்சிருக்கீங்களா?"

"தெரியலையே. டாக்டர் சொன்னபடிதான் சாப்பிடறேன். கஞ்சியைத் தொடறதேயில்லை."

"கஞ்சியைத் தொடறதில்லை. சரி. மத்தியானத்துக்கு?"

"சோறு. மீனு. முட்டை."

"காலையில?"

"இட்லி. சில நாள் இடியாப்பம்."

சபாபதி சிரிக்க ஆரம்பித்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர் கிரிகரியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"ஸ்டார்ச்சுன்னா டோபி கஞ்சி மட்டும் இல்லை. அந்தக் கஞ்சி எதுலேருந்து வருது? அரிசியிலேருந்து. அரிசிதான் சோறு, அரிசிதான் இட்லி, அரிசிதான் இடியாப்பம். ரொட்டி, மரவள்ளி, உருளைக்கிழங்கு, எல்லாம் ஒரே சாதி. அதோட சீனி. அதையெல்லாம் விட்டுட்டு மத்ததைச் சாப்பிடச் சொன்னாரு டாக்டர். நீங்க எதையும் விடாம மத்ததையும் சேத்துக்கிட்டீங்க."

கிரிகரிக்கு முதலில் பேசில் மேல் பாவமாகத்தான் இருந்தது. பையன் தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டான். அவன் கதி என்ன?

"பேசிலுக்கும் சொல்லணுமே," என்றார். "அவனும் கஞ்சின்னுதான் நினைச்சுக்கிட்டிருக்கான்."

"அவனா?" சபாபதி பஞ்சை வாளியில் போட்டார். "அவன் ரெண்டாவது வாரமே இங்க வந்து நின்னான். கஞ்சியை விட்டும் இறங்கலையேன்னு. இதே மாதிரிதான் சிரிச்சேன். இதே மாதிரிதான் எடுத்துச் சொன்னேன். கையோட உங்ககிட்டேயும் சொல்லச் சொன்னேனே. சொல்றேன்னு தலையை ஆட்டிட்டுப் போனான்."

கிரிகரி தராசை விட்டு இறங்கவில்லை.

"சொல்லலையா?" என்றார் சபாபதி.

"இப்ப ஆரம்பிச்சா இறங்குமா?"

சபாபதி வாசலைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. "இறங்கும். இதுல நல்லதே அதுதான். சீக்கிரமா இறங்கும். நாலு நாள் போனா பசியும் அவ்வளவா இருக்காது. ஆனா முதல்ல போறது தண்ணி. கொழுப்பு மெதுவாத்தான் கரையும். தலை சுத்தும். கெண்டைக்கால் இழுக்கும். வாய் நாறும். வெளிக்குப் போகாது. அஞ்சாறு வாரம் பொறுத்துச் செஞ்சா உடம்பு பழகிக்கும். ரெண்டே வாரத்துல இருபத்து மூணு ராத்தல்னா பட்டினியும் சேந்து கிடக்கணும். அடுப்பு முன்னாடி நிக்கற ஆளுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்."

"அப்புறம் சோறு சாப்பிட்டா?"

"போனதெல்லாம் வீடு திரும்பிடும். டாக்டர் பாக்கப்போறது ஒரு நாள்தானே."

கிரிகரி தொப்பியை எடுத்துக்கொண்டார்.

பாக்கியத்திடம் சொன்னபோது அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "அவன் வீட்டு வாசல்ல போய் நின்னு கேக்கறேன். என் வீட்டு மீனைத் தின்னுக்கிட்டே பொய் சொன்னானே."

"கேட்டு?"

"ஊரு தெரிஞ்சுக்கட்டும்."

"ஊரு தெரிஞ்சுக்கிட்டா எனக்கு எடை இறங்குமா? கீரை இருந்தா ஆக்கு."

அவள் போகவில்லை. அடுப்படிக்குப் போய் அரிசிப் பானையை மூடியோடு தூக்கிப் பரண் மேல் வைத்தாள். பெண்கள் இரண்டு பேருக்கும் இரவில் கொஞ்சம் ஆக்கிக் கொடுப்பாள். வாசம் அவர் இருக்கும் இடத்துக்கு வராமல் கதவைச் சாத்திக்கொள்வாள்.

முதல் இரண்டு நாள் பசி. மூன்றாம் நாள் பசி போயிற்று. அது கிரிகரிக்கு ஆச்சரியமாக இருந்தது. காலையில் இரண்டு முட்டை, மத்தியானம் கீரை, இராத்திரிக்குச் சூப்புத் தண்ணீர். வயிறு காலியாக இருந்தது, ஆனால் கேட்கவில்லை. பேண்டு தளர்ந்தது. என்ஜின் படியில் ஏறும்போது மூச்சு வாங்கவில்லை. இருபது வயதில் ஏறியது போல் ஏறினார். இது நல்ல வழிதான், நமக்கு நாள்தான் இல்லை என்று நினைத்தார். நாள் இல்லாமல் போனது எப்படி என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. அப்போதெல்லாம் வாயில் இரும்புச் சுவை ஊறியது. அது சாப்பாட்டினாலா, மற்றதனாலா என்று தெரியவில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை புடுவிலுள்ள அந்தோணியார் கோயிலில் பாடுகளின் வழிபாடு முடிந்து, வழக்கம்போல முற்றத்தில் கஞ்சி ஊற்றினார்கள். ஒருசந்தி விரதம் இருந்தவர்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். அண்டாவுக்குப் பின்னால் நல்லம்மாள் அகப்பையோடு நின்றாள். பயறு போட்ட கஞ்சி. தேங்காய்த் துவையல்.

கிரிகரி வரிசையில் நிற்கவில்லை. சுவரோரம் ஒதுங்கி நின்றார். அவருக்கு முன்பே அங்கே ஒருவன் ஒதுங்கி நின்றான். பேசில்.

"ஏன் ரெண்டு டிரைவரும் அங்கேயே நிக்கிறீங்க?" என்று நல்லம்மாள் கூப்பிட்டாள். "ஆண்டவரு செத்த நாள்ல கஞ்சி குடிக்காம என்ன கௌரவம்? வாங்க."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கையை ஆட்டி வேண்டாம் என்றார்கள். பேசிலின் கை பாதியில் நின்றது. அவன் கிரிகரியின் கையைப் பார்த்தான். பிறகு முகத்தை.

"சபாபதியைப் பாத்தேன்," என்றார் கிரிகரி.

பேசில் ஒன்றும் தெரியாதவன் போல் நடிக்கவில்லை. அந்த அளவுக்கு நல்லவன்.

"சொல்லணும்னுதாண்ணே அன்னிக்கு வீட்டுக்கு வந்தேன்."

"வந்து?"

"அக்கா இலை போட்டுட்டாங்க. பேச்சு வரலை."

"நடந்தா இறங்கும்கிற பேச்சு வந்துச்சே."

ஒரு குழந்தை கஞ்சிக் கிண்ணத்தோடு அவர்களுக்கு நடுவில் புகுந்து ஓடியது. பேசில் அது போகிற வரைக்கும் காத்திருந்தான்.

"எனக்கு நாலு பிள்ளைங்கண்ணே."

"தெரியும். அதுல ஒண்ணை நான் கையில வாங்கி ஞானஸ்நானத் தொட்டி முன்னாடி நின்னேன்."

"முதல்ல நான் வேணும்னே தப்பாச் சொல்லலை. எனக்கும் அது கஞ்சின்னுதான் தெரியும். சத்தியமா."

"முதல்ல. சரி."

"அப்புறமும் நான் பொய் சொல்லலைண்ணே. டாக்டர் சோறுன்னு சொல்லவேயில்லை."

கிரிகரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். இவன் வந்து, அண்ணே, எனக்கு வேலை வேணும், நீங்க விலகிக்குங்கன்னு கேட்டிருந்தால் என்ன செய்திருப்போம்? திட்டியிருப்போம். இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்போம். மூன்றாம் நாள் இரண்டு பேருமாக உட்கார்ந்து யோசித்திருப்போம். ஒன்பது வருஷம் ஒரே அடுப்பின் முன் வெந்தவர்கள். அதற்குக்கூட இடம் வைக்கவில்லை. தினமும் ஷெட்டில் பார்த்து, அண்ணே என்று கூப்பிட்டு, வயிறு நிறையச் சோறு தின்னட்டும் என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

"போ," என்றார். "கெர்ட்ரூட் தேடறா."

ஈஸ்டர் அன்று பெண்கள் கறிச்சோறு சாப்பிட்டார்கள். கிரிகரி கறியை மட்டும் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மதிய உணவையும் விட்டார். அடுத்த இரண்டு நாளில் தண்ணீரையும் குறைத்தார்.

கிள்ளானுக்கு வண்டி கொண்டுபோன அன்று முதல் தடவையாகத் தலை சுற்றியது. பயர்மேன் நாகையா அடுப்புக் கதவைத் திறந்ததும் வெளிச்சம் கண்ணில் அறைந்தது. அது போகவில்லை. எதிரே கைகாட்டி இரண்டாகத் தெரிந்தது. ஒன்று இறங்கியிருந்தது. ஒன்று இறங்கவில்லை. கிரிகரி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நாகையாவைக் கேட்டார்.

"லைன் இருக்காடா?"

"கைகாட்டி இறங்கித்தாண்ணே இருக்கு, போலாம்." நாகையா மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அருகில் வந்தான். "என்னண்ணே, முகம் இப்படி இருக்கு? இந்தாங்க, ஒரு வாய் காப்பி."

"சீனி போட்டிருக்கா?"

"காப்பின்னா சீனி இல்லாமயா?"

"வேணாம்."

நாகையா குவளையை மூடி வைத்தான். கிள்ளான் வரைக்கும் ஒரு கண் அடுப்பிலும் ஒரு கண் அவர் மேலுமாக வந்தான். யாரிடமும் சொல்லவுமில்லை.

நிறுக்கும் நாள் வந்தது. டாக்டர் மருந்துச் சாலையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பேசில் முதலில் ஏறினான். நூற்றுத் தொண்ணூற்று மூன்று. அவன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்ட டாக்டர் தலையசைத்தார். முகம் தெளிவாக இருந்தது. காலை ஊன்றி இறங்கினான்.

கிரிகரி ஏறினார். முள் ஆடிற்று. எல்லோரும் அதையே பார்த்தார்கள். இருநூறு, இருநூற்றொன்று, மறுபடி இருநூறு. நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் நின்றது.

"அடேயப்பா," என்றார் சபாபதி மெதுவாக.

கிரிகரிக்குச் சிரிப்பு வந்தது. தேறிவிட்டோம். பாக்கியத்திடம் முதலில் எதைச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே ஒரு காலைத் தரையில் வைத்தார். தரை அங்கே இல்லை.

கண் விழித்தபோது பெஞ்சில் கிடந்தார். யாரோ அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விழும்போதே பிடித்துவிட்டார்களாம். அதனால்தான் மண்டை தப்பியதாம். கை பேசிலுடையது. கிரிகரி கையை இழுத்துக்கொண்டார்.

டாக்டர் இமையை இழுத்துப் பார்த்தார். நாடியைப் பிடித்தார். எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு நிதானமாக, இந்தத் தடவை மேஜையைத் தட்டாமல், ஏதோ சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. சொல்லிவிட்டு, தமிழில் யாராவது சொல்லுங்கள் என்பது போல் சுற்றிப் பார்த்தார்.

பேசில் வாயைத் திறந்தான்.

"நீ சொல்லாதே," என்றார் கிரிகரி.

சபாபதிதான் சொன்னார். எடை சரியாக இருக்கிறது. ஆனால் நின்ற இடத்தில் விழுகிறவனை என்ஜினில் ஏற்ற முடியாது. டாக்டர் வருத்தப்படுகிறார்.

"இன்னும் ஒரு மாசம் குடுத்தா சரியாயிடும்னு சொல்லுங்க."

சபாபதி சொன்னார். டாக்டர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே தலையை அசைத்தார். எந்தப் பக்கம் அசைத்தார் என்பதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

குவாட்டர்ஸைக் காலி செய்ய மே மாதக் கடைசி வரை தவணை கொடுத்தார்கள். கிள்ளானில் பாக்கியத்தின் தங்கை வீட்டில் ஓர் அறை கிடைத்தது. கிரிகரி மறுபடி சோறு சாப்பிட்டார். முதல் கவளம் இனிப்பாக இருந்தது. மூன்று வாரத்துக்குள் பெல்ட் பழைய ஓட்டைக்கு வந்துவிட்டது. தலை சுற்றல் போயிற்று. இப்போது நிறுத்தால் எடையில் விழுவார், அன்றைக்கு நிறுத்தபோது நிற்க முடியாமல் விழுந்தார். இரண்டும் சரியாக இருக்க வேண்டிய ஒரு நாள் அவருக்குக் கிடைக்கவில்லை. இரண்டாவது வாரமே சொல்லியிருந்தால் பேசில் அதைக் கொடுத்திருக்கலாம்.

மே மாதம் ஒரு மத்தியானம் பேசில் வந்தான். பாக்கியம் கூடத்தில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. சாக்கின் வாயைச் சுருக்கி முடிச்சுப் போட்டாள்.

அவன் வாசலிலேயே நின்றான். டியூட்டி உடுப்பில் இருந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"நாளையிலேருந்து உங்க எழுபத்தாறை எனக்குக் குடுத்திருக்காங்கண்ணே. வடக்கு லைன்."

கிரிகரி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுபத்தாறு, பேசில் டிரைவராகிப் போன பிறகு அவரிடம் வந்து ஐந்து வருஷம் இருந்த என்ஜின். அதற்கு ஒரு குணம் உண்டு. ரவாங்கைத் தாண்டி வரும் இறக்கத்தில், மழை ஈரம் இருந்தால், பிரேக் உடனே பிடிக்காது. வேறு என்ஜினில் பிடிக்கிற இடத்தில் பிடித்தால் கீழே வளைவு வந்துவிடும். வெகு முன்னதாக, வண்டி இன்னும் மேட்டில் இருக்கும்போதே, கொஞ்சமாகப் பிடித்து விட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். எந்த இடம் என்பது அவர் கைக்குத் தெரியும். யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. வெளியே வானம் கறுத்து வந்தது.

"நாகையாகிட்ட கேட்டேன்," என்றான் பேசில். "அவன்தான் எனக்கும் பயர்மேன். அண்ணன் அங்க ஏதோ ஓர் அடையாளம் வெச்சிருந்தாரு, நான் குனிஞ்சு கரி போட்டுக்கிட்டிருப்பேன், பாத்ததில்லைன்னு சொல்றான். போர்மேனுக்கும் தெரியலை."

பாக்கியத்தின் கை முடிச்சில் நின்றது. அவள் அவனைப் பார்க்கவில்லை. கிரிகரியைப் பார்த்தாள்.

பேசில் தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அந்த இறக்கத்துல பிரேக்கை எங்க பிடிக்கணும்ணே?"